படத்தில் இல்லாத தையல் அறை

— நேத்து தீ ஒத்திகையில "எல்லாரும் வெளியேறியாச்சு, ஆஸ்பத்திரி காலி"ன்னு மைக்குல சொன்னீங்களே மேனேஜர் சார், அப்ப நான் இதே மெஷின்ல போர்வைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டிருந்தேன். நான் என்ன, ஆளா ஆவியா?

— லாஜிக்கலா யோசிங்க தையலம்மா. சிஸ்டம் காட்டுறதைத்தானே நான் சொல்ல முடியும்.

— என்ன காட்டுச்சு?

— இந்த இடத்துல... சுவர் காட்டுச்சு.

— சுவரா! அப்ப இத்தனை வருஷமா சுவருக்குள்ளயா உக்காந்து தைக்கிறேன்?

— பழைய பிளான்ல இது அடைச்ச இடம். ரூமாக்கினதை யாரும் சிஸ்டத்துல ஏத்தல. மத்தபடி கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது இந்தக் கட்டடத்தோட அச்சு அசல் இரட்டைப் பிறவிம்மா.

— இரட்டைப் பிறவின்னா ஒண்ணுக்கு அடிபட்டா இன்னொண்ணு அழணும் சார். போன மாசம் ராத்திரி பூரா இங்க அடைபட்டுக் கிடந்தேன். எம் பொண்ணு ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி எல்லாம் தேடியிருக்கா, நான் ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்கேன்! உங்க இரட்டை ஒரு தும்மலாவது தும்முச்சா?

— இங்க ஆள் இருக்கறதே அதுக்குத் தெரியாதேம்மா.

— சரி, மழைத்தண்ணி எந்த மூலையில ஏறும், எந்த ஒயர்ல பொறி பறக்கும்னு எல்லாரையும் போல என்னையும் கேட்டுப் பதிவு பண்ணினீங்களே, அது எங்க?

— ஒவ்வொருத்தர் சொன்னதையும் அவங்கவங்க ரூமோட சேர்ப்போம். உங்களுக்கு ரூம் இல்லாததால...

— சொன்னவளும் இல்ல, சொன்ன சொல்லும் இல்ல! நல்லாயிருக்கு சார் நியாயம். நாளைக்கு நிஜமாவே தீப்பிடிச்சா? இப்பவே இந்த ரூமை ஏத்துங்க.

— இப்ப ஏத்தினா நேத்து ஒரு ஆளை விட்டுட்டோம்னு ஆகிடும்மா. மேலிடத்துல பாராட்டி லெட்டர் வேற அனுப்பிட்டாங்க... அது என்ன சத்தம்?

— நடைக்கதவு. ஆளில்லாத பக்கம்னு உங்க இரட்டை சாயங்காலமானா தானா பூட்டிடும்.

— அட! ஹலோ, கண்ட்ரோல் ரூமா? மேனேஜர் பேசுறேன். கீழ்த்தள நடைக்கதவைத் திற. தையல் ரூம்ல மாட்டிக்கிட்டேன்.

— கண்ட்ரோல் ரூம்தான் சார். தையல் ரூமா? அப்படி எதுவும் இல்லையே சார். அங்க சுவர்தான் காட்டுது.

— நான் நிக்கிறேன்யா இங்க!

— உள்ள ஆள் இருக்கறதா காட்டினாத்தான் சார் திறக்கும். யார் போன் பண்ணினாலும் சிஸ்டத்தைத்தான் நம்பணும்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க.

— என்னம்மா இவன் இப்படிப் பேசுறான்! காத்து வேற நின்னுபோச்சே, மூச்சு முட்டுது.

— சுவருக்கு எதுக்கு சார் காத்து?

— தையலம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஏதாவது வழி சொல்லுங்க!

— வழி இருக்கு சார். போன மாசம் மாட்டினதுக்கு அப்புறம், அலமாரிக்குப் பின்னாடி பலகையை அறுத்து நானே ஒரு கதவு வச்சிருக்கேன். காட்டுறேன். போனை மட்டும் வச்சிடாதீங்க. முதல்ல அந்தத் தம்பிகிட்ட என் காதுபடச் சொல்லுங்க: இங்க ஒரு ரூம் இருக்கு, உள்ள ஒரு மனுஷி இருக்கா, நேத்தும் இருந்தான்னு.