குறை எழுதாமல் விலக முடியாது

காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினால், நிற்பவர் யாரையாவது கூப்பிட்டுக் காலி சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் நிம்மதி. ஏழு வீட்டார் சேர்ந்து என்மேல் போலீஸில் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். லூர்துராணி மேடம், நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக, நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

என் பெயர் அன்புச்செல்வன். வீடு காட்டூர். ஸ்ரீரங்கத்தில் பிரேமலதா அக்கா நடத்தும் திருமணத் தகவல் மையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வரன் தேடிப் பதிகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். "புதுசா ஒருத்தரும் வரலியேப்பா, இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான்" என்று அக்கா தினமும் புலம்புவார். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் யாரும் சீண்டாத ஒரு பக்கம் கண்ணில் பட்டது. கல்யாணம் நிச்சயமானவர்கள் தங்கள் பதிவை நீக்கிக்கொள்ளும் பக்கம். பொத்தானை அழுத்தினால் 'வாழ்த்துகள்' என்று வரும், அவ்வளவுதான். முக்கால் திரை வெள்ளையாகக் கிடந்தது. அங்கே வருகிறவர்கள் யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஜாதகம் பொருந்தி, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்து, ஒரு வீட்டார் சரி என்று சொல்லிவிட்ட தங்கமான வரன்கள். அவர்களைப் போய் நாம் வாழ்த்தி அனுப்பிவிடுகிறோம்.

அங்கே ஒரு கட்டம் வைத்தேன். 'உங்களுக்கு அமைந்த வரனிடம் உள்ள குறை என்ன?' முதல் வாரம் எல்லோரும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லை ஏற்காதபடி மாற்றினேன். காலியாக விட்டாலும் பதிவு நீங்காது. பிறகு மளமளவென்று வந்தன. குறட்டை. குள்ளம். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். கே.கே. நகர் மாப்பிள்ளை ஒருவர், 'பெண் என்னைவிட நன்றாகக் கார் ஓட்டுகிறாள்' என்று வருத்தப்பட்டிருந்தார்.

இவர்களின் ஜாதகங்களைப் பொருத்தமுள்ள மற்ற வீடுகளுக்கு அனுப்பினேன். 'நிச்சயமாகிவிட்டது, ஆனால் மனக்குறை உண்டு. முயன்று பார்க்கலாம்' என்று எழுதி, குறையையும் கீழே சேர்த்தேன். விசாரிப்புகள் குவிந்தன. அக்கா எனக்கு அல்வா வாங்கித் தந்தார். ஆறு கல்யாணங்கள் நின்றன. ஆறு வீட்டாரும் மறுபடி எங்களிடமே பதிந்தார்கள். நம்பிக்கை இல்லாமல் யாராவது திரும்பி வருவார்களா?

ஏழாவது, என் தங்கை யாழினி. லால்குடி கலையரசனோடு நிச்சயமாகி, மண்டபமும் பேசியாயிற்று. அவன் பெயரைச் சொன்னாலே அவளுக்குச் சிரிப்பு வரும். பதிவை நீக்கப் போனவள் கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். நான்கு தடவை 'இல்லை' என்று அடித்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது. ஐந்தாவது தடவை, 'அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஃபோன் பண்ணுகிறார்' என்று எழுதினாள். கலையரசனின் அம்மா தன் இரண்டாவது மகனுக்கும் எங்களிடம் வரன் தேடிக்கொண்டிருந்தார். அவனுக்கும் யாழினிக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம். தகவல் நேராக அந்த அம்மாவுக்கே போய்விட்டது.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார். "எம்புள்ள எனக்கு ஃபோன் பண்றது உங்களுக்குக் குறையாங்க? பெரியவனப் பேசி முடிச்சிட்டு, இப்ப சின்னவன வேற கேக்குறீங்களா?" என்றார். அத்தோடு கல்யாணம் நின்றது. யாழினி அழுததைப் பார்த்து எனக்கும் மனசு கலங்கியது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

எல்லாம் நான் செய்ததுதான், மேடம். ஆனால் கூடப் பிறந்தவளை நான் கைவிட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று சாயங்காலமே மறுபடி அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. முறைப்படி அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"வணக்கம்ங்க, இன்னும் வரன் பாக்குறீங்களா?"

"அண்ணா, நான் பக்கத்து ரூம்லதான் அழுதுக்கிட்டு இருக்கேன்."

'பிறகு அழைக்கவும்' என்று குறித்துக்கொண்டேன்.