இடது பக்க ஸ்பீக்கர்

— இப்பவும் இடது பக்கம் செத்துத்தான் கிடக்கு, மாப்ள. இன்னும் எத்தனை தடவை உன் கடைக்கு வந்து நிக்கணும்?

— சத்தத்தைக் குறைங்க மச்சான். பாட்டையும் சரி, உங்க வாயையும் சரி.

— பெரிய ஸ்பீக்கரு, தனி ஆம்ப்ளிஃபயரு, எவ்ளோ வேகத்துல போனாலும் காத்தை மீறிக் கேக்கும்னு கதை விட்டியே! வலது பக்கம் கேக்குது. இடது பக்கம் டூப்ளிகேட்டை மாட்டிட்ட. காலைல பத்து பைக்கு என் பைக்குக்குப் பின்னாடி டூர் கிளம்புது. முதல் நிறுத்தத்துலயே சொல்லிடுவேன், என் பொண்டாட்டி தம்பி எனக்கே நாமம் போட்டுட்டான்னு.

— உங்க குழுக்காரங்க வர்றதாலதான் என் கடை ஓடுது. தெரிஞ்சேதான் பேசுறீங்க.

— தெரிஞ்சேதான்.

— அப்ப கையை வைங்க. இந்த இடது ஸ்பீக்கர் மேல. என்ன தெரியுது?

— அதிருது.

— செத்தது அதிருமா?

— கதை விடாத. தொட்டுப் பாக்கறதுக்கா செட்டை மாத்தினேன்? கேக்கறதுக்கு மாத்தினேன்.

— ஒண்ணு கேளுங்க மச்சான், கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம். போன தடவை ரெண்டு ஸ்பீக்கரையும் கழட்டி இடம் மாத்தி மாட்டினேன். ஸ்பீக்கர்ல கோளாறுன்னா, கோளாறும் அதோட சேந்து வலது பக்கம் போயிருக்கணும். போகல. சரி, ஒயர்தான்னு நினைச்சேன். ஹேண்டில் திரும்பத் திரும்ப அந்த வளைவுல ஒயர் நசுங்கும், சகஜம். புதுசா இழுத்தேன். அப்பவும் நீங்க இடதுன்னுதான் சொன்னீங்க. ஆம்ப்ளிஃபயர்ல இடது ஒயரை வலதுல குத்தினேன், வலதை இடதுல குத்தினேன். அசைய மாட்டேங்குது! கோளாறு எந்தப் பொருள்ல இருக்கோ, பொருள் நகந்தா அதுவும் கூடவே நகரணும். இது எதோடயும் போகல. எனக்குச் சோறு இறங்கல மச்சான், இதை நினைச்சு.

— தொழில் தெரியலங்கறதை இவ்ளோ நீளமா சொல்லணுமா?

— தம்பி, உன் மச்சான்கிட்ட சொல்லு. கடைக்குப் பின்னாடி வீட்டுல கை ஒடிஞ்ச ஒருத்தி படுத்திருக்கா, மெதுவா பேசட்டும்.

— நீ ஏன்க்கா எந்திரிச்சு வந்த?

— உன் அக்காகிட்ட நீ சொல்லு மாப்ள. கை ஒடிஞ்சதுக்கே உன் ஸ்பீக்கர்தான் காரணம். இடது பக்கம் கேக்கலன்னு சத்தத்தை முழுசா ஏத்தி வச்சேன். லாரிக்காரன் ஹாரன் அடிச்சது காதுல விழல.

— ஹாரன் விழலயாம். நான் கத்தினது? தம்பி, கேளு அவரை. இடது பக்கமா லாரி நெருக்கிட்டு வருது. அவர் இடது தோள்ல என் தாடைய வச்சு, காதோரமா கத்தினேன். ஒரு அசைவு இல்ல.

— அவ கத்தவே இல்ல.

— பொய்! வீட்டுலயும் இதே கதைதான். படுத்துக்கிட்டு நான் பாட்டுக்குப் பேசுவேன், மனுஷன் செவுத்தைப் பாக்குற மாதிரி கூரையைப் பாத்துக்கிட்டு இருப்பார். வேண்டாதவ பேச்சு காதுல ஏறுமா? அதான் பெட்டியைத் தூக்கிட்டு உன்கிட்ட வந்துட்டேன்.

— கட்டில்ல நீ எந்தப் பக்கம் படுப்பக்கா?

— வெக்கமில்லாம என்னடா கேக்குற?

— சொல்லுக்கா.

— செவுத்தோரம். அவருக்கு இடது பக்கம்.

— மச்சான், வாங்கினப்ப வண்டியோட வந்த செட்டை ஏன் மாத்தச் சொன்னீங்க?

— அது மட்டம். அதுலயும் இடது பக்கம் வரவர சரியா கேக்கல.

— இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம். சத்தம் பத்தலன்னு மட்டும்தான் சொன்னீங்க. சரி, வண்டியில ஏறுங்க. அப்படி இல்ல, திரும்பி. முதுகு ஹேண்டில் பக்கம், மூஞ்சி பின் சீட்டுப் பக்கம்.

— சர்க்கஸ் காட்டுறியாடா?

— கடை பேரைக் கெடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் காட்டுங்களேன். கண்ணை மூடிக்கோங்க. பாட்டு ஓடுது. எந்தப் பக்கம் செத்திருக்கு?

— அதே இடது பக்கம்தான். வலது பக்கம் கணீர்னு இருக்கு.

— கண்ணைத் தொறங்க. உங்க வலது தோளுக்குப் பின்னாடி இருக்கறது எந்த ஸ்பீக்கர்?

— இரு, திரும்பிப் பாக்கறேன்.

— சொல்லுங்க மச்சான்.

— அது... அந்த டூப்ளிகேட்டு.

— கணீர்னு இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. வண்டியில எல்லாத்தையும் மாத்திப் பாத்தேன். சீட்டுல உக்காந்த ஆளைத்தான் திருப்பிப் பாக்கல.

— வாயை மூடு.

— பாட்டை நிறுத்திட்டேன். மறுபடி கண்ணை மூடுங்க. உள்ளங்கையால வலது காதை அழுத்தி அடைங்க. அக்கா, நீ பேசு.

— என்னன்னு பேச?

— எதையாவது. திட்டு.

— அதுக்கா குறைச்சல்? ஏன்யா, கட்டினவ கீழ விழுந்து கிடக்கையிலயும் முதல்ல வண்டியைத் தூக்கி நிறுத்தின ஆளுதானே நீ! உன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு அந்த லாரியோட குடித்தனம் பண்ணியிருக்கலாம்!

— மாப்ள, ஏன் முணுமுணுக்கறா? திட்டறதுன்னா சத்தமா திட்டச் சொல்லு.

— தம்பி... தெரு முனை வரைக்கும் கேக்குற மாதிரி கத்தினேன்டா நான்.

— கையை நானே எடுத்து விடறேன் மச்சான். அக்கா கத்தினதுல எதிர்க் கடைக்காரர் வெளிய வந்து நிக்கிறார், பாருங்க.

— கதை விடாதடா. கதை விடாத. காலைல பத்து வண்டி என்னை நம்பிப் பின்னாடி வருது. காது போனவன் பின்னாடி எவன் வருவான்?

— வரக்கூடாது மச்சான். இந்தத் தடவை லாரி. அக்காவுக்குக் கையோட போச்சு.

— அவகிட்ட சொல்லு. நான் கேட்டுட்டுச் சும்மா இருக்கல. அவ கத்தினது எனக்குக் கேக்கல. கட்டில்ல பேசினதும் கேக்கல. இவதான் பேச்சை நிறுத்திட்டான்னு நான் நினைச்சேன்.

— தள்ளிக்கோ தம்பி, நானே அவர்கிட்ட பேசிக்கிறேன். ஏங்க, இப்படித் திரும்புங்க, வலது பக்கம். என் கோவம் ஒண்ணும் தீந்துடல. காலைல அந்தப் பத்து வண்டியை வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும், நாம காது டாக்டரைப் பாக்கப் போறோம். ராத்திரிக்கு நீங்க செவுத்தோரம் படுங்க, உங்க வலது பக்கம் நான் படுத்துக்கறேன்.