தையல் மெஷின் இருந்த இடம்

இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு எத்தனை கரண்டி வேண்டும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சமையலறைத் தரையில் பரப்பி எண்ணினேன். பதினேழு இருந்தன. நான்குக்குக் காம்பு ஆடியது. ஒன்று எப்படி வீட்டுக்குள் வந்தது என்றே தெரியவில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதென்றால் அந்தக் கரண்டிகளிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். என் அண்ணன் மாடிப்படியில் விழுந்து இறந்ததை விபத்து என்று எழுதிப் போன மாதமே ஃபைலை மூடிவிட்டீர்கள். அதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்வை இல்லாத மனிதர், செங்குத்தான படி, ஆஸ்பத்திரியில் அவரே தன் வாயால் சொன்ன வாக்குமூலம். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நானும் ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கிறவள்தான். மூடிய ஃபைலைத் திரும்பத் திறப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். ரேடியோ ரிப்பேர் செய்வார். நாற்பத்திரண்டு வயதில் கண் மங்க ஆரம்பித்து, இரண்டே வருடத்தில் முழுக்க இருட்டாகிவிட்டது. கல்யாணம் இரண்டு பேருக்கும் ஆகவில்லை. அப்பா கட்டிய வீடு இருந்தது. கீழே ஹாலும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. அந்த வீட்டில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதை நகர்த்தினாலும் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

"அண்ணா, முக்காலியை ஜன்னலோரம் போடுறேன்" என்று குரல் கொடுப்பேன். அவர் எங்கிருந்தாலும் எழுந்து வருவார். முக்காலியைத் தடவிப் பார்ப்பார், அதிலிருந்து கதவுக்கு இரண்டு தடவை நடந்து பழகுவார். "சரி, மனசுல போட்டுக்கிட்டேன். நீ உன் வேலையைப் பாரு, ஆபீசரம்மா" என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. அப்புறம் ஒரு தடவைகூட அந்த முக்காலியில் இடித்துக்கொள்ள மாட்டார். ஆரம்பத்தில் அடிகளை எண்ணி நடந்தார், பிறகு விட்டுவிட்டார். "எண்ணுறதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு. நம்ம வீட்டுல சாமானே வழி சொல்லும்" என்பார்.

பதினோரு வருடம் அப்படி ஓடியது. தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே சொல்லும். நானும் கேட்டுக்கொள்வேன். ஒரு கோடையில் புழுக்கம் தாங்காமல் என் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுக்கலாம் என்று எழுந்தேன். பிறகு குரல் கொடுக்க வேண்டும், அவர் வர வேண்டும், தடவ வேண்டும், இரண்டு தடவை நடக்க வேண்டும் என்று நினைத்ததும் அலுத்துப்போய் அதே இடத்தில் படுத்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை.

நூலகத்தின் பின்பக்க ஹாலில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடப்பதாக ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டில் வேண்டாததைக் கழிப்பது எப்படி என்று. ரெக்கார்டு ரூமில் நான் தினமும் செய்வது அதுதான். பத்து வருடம் தாண்டிய ஃபைலில் "தேவையில்லை" என்று எழுதி, காகிதம் கிழிக்கும் எந்திரத்துக்கு அனுப்புவேன். வீட்டுக்கும் அப்படி ஒரு முறை இருக்கிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. வகுப்பெடுத்த அம்மா சொன்னார்: "ஒவ்வொரு பொருளையும் ரெண்டு கையாலயும் எடுத்துப் பிடிங்க. இது எனக்குச் சந்தோஷம் தருதான்னு கேளுங்க. தந்தா வெச்சுக்கோங்க. தரலைன்னா நன்றி சொல்லி அனுப்பிடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பதினேழு கரண்டியில் மூன்று மிஞ்சின. அடுத்து துணிமணி, பிறகு காகிதம், பிறகு பரணில் இருந்தது. இருபத்தாறு மூட்டை வெளியே போனது. ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தேன், அதில் நான் தவறவில்லை. அண்ணன் முகம் சுளிக்கவே இல்லை. ஹாலில் அவருடைய செத்துப்போன ரேடியோக்கள் பதினான்கு அடுக்கி வைத்திருந்தார். அதைக் கேட்க எனக்கே தயக்கமாக இருந்தது. அவரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடியில் வாங்கி, திருகியைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி, மேடையில் பேசுகிறவர் மாதிரித் தொண்டையைச் செருமி, "இத்தனை நாள் கத்துனதுக்கு நன்றி" என்று சொல்லித் தந்தார். இன்னும் பாடிக்கொண்டிருந்த இன்னொன்றை மட்டும் குளியலறைக்கு வைத்துக்கொண்டார்.

ஹால் காலியானதும் அவர் நடை மாறியது. முன்னெல்லாம் பேசிக்கொண்டே விறுவிறுவென்று போவார். இப்போது கையை முன்னால் நீட்டிக்கொண்டு, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரிக் காலை வைத்தார். "வீடு ரொம்பப் பெருசாயிடுச்சு ஆபீசரம்மா, எதுத்த சுவருக்குப் பஸ் பிடிச்சுத்தான் போகணும்போல" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று பார்த்தேன். போய்க் கையைப் பிடிக்கவில்லை. பாவமாகவும் இல்லை, எரிச்சலாகவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மாடியில் மட்டும் அவர் பழைய வேகத்திலேயே நடந்தார். காரணம் தையல் மெஷின். அம்மாவுடையது, வார் அறுந்து, ஊசி துருப்பிடித்து, பல வருடமாக யாரும் தைக்காதது. மாடி நடையின் கடைசியில், முதல் படிக்கு ஒரு சாண் முன்னால் சுவரோரமாக நின்றது. அவர் வலது கையை இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டு வருவார். கை மெஷினின் சக்கரத்தில் படும். சக்கரம் 'கர்' என்று அரைச் சுற்றுச் சுற்றும். அங்கே நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குவார். கீழே சமையலறையில் அந்தக் 'கர்' கேட்டதும் நான் டீயை டம்ளரில் ஊற்றுவேன்.

இரண்டு கையாலும் பிடித்து மெஷினைக் கேட்டேன். சந்தோஷம் எதுவும் வரவில்லை. அவரிடம் சொன்னேன்.

"அது மட்டும் வேண்டாம்மா" என்றார். "அந்தச் சக்கரம் கையில பட்டா நான் நிப்பேன். படலைன்னா நடப்பேன். அவ்வளவுதான் என் கணக்கு."

"சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுண்ணா."

"அப்ப ஒண்ணு பண்ணு. படிக்கு முன்னாடி ஒரு சின்னக் கதவு போட்டுட்டு எடுத்துக்கோ. எனக்கென்ன, எதையாவது தொடணும்."

அவர் எப்போதும் அப்படித்தான், எதற்கும் அடம்பிடிக்க மாட்டார். தச்சர் வந்து அளவெடுத்தார். ஒரு நாள் வேலை, எப்போது வரட்டும் என்று கேட்டார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன், சொல்லி அனுப்பவில்லை. ஒன்றைக் கழிக்கும்போது புதிதாக ஒன்றை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்தது. அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு நகம் வெட்டிவிடுவேன். அந்த வாரமும் வெட்டினேன். முடிந்த பிறகு அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. சாலிடர் பட்ட பழைய தழும்பு விரல் நுனியில் இருந்தது. மனசுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நேர்மையாகத்தான் கேட்டேன், பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தேன். எதுவும் வரவில்லை. "நன்றிண்ணா" என்றேன்.

"இதென்ன கூத்து. நகம் வெட்டுனவ நன்றி சொல்றா, வெட்டிக்கிட்டவன் கல்லு மாதிரி உக்காந்திருக்கான்" என்று சிரித்தார்.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, ஆபீஸுக்கு லீவு போட்டேன். அண்ணன் ஒன்பது மணிக்குக் குளிக்கப் போனால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரமாட்டார். தெருமுனையில் துணி ஆல்டர் செய்யும் தையல்காரர் மெஷினைக் கேட்டிருந்தார். அவரும் அவர் மச்சினரும் வந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, சத்தம் வேண்டாம் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். ஆறு நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். தையல்காரர் நன்றாக இருப்பீர்கள் என்று கும்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை விசாரிக்க வேண்டியதில்லை.

மெஷின் கால் இருந்த இடத்தில் நாலு கறை இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். படி ஈரமாக இருந்திருக்கலாம் என்று உங்கள் ஃபைலில் இருக்கிறது. அது சரியில்லை. காய்ந்த துணியால் இன்னொரு முறையும் துடைத்தேன். நடை மிகவும் சுத்தமாக இருந்தது.

அன்று குரல் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் ஒரு முக்காலியைக்கூட மறக்காதவள் நான்.

கீழே போய் டீ போட்டேன். மேலே ரேடியோ நின்றது. குளியலறைக் கதவு திறந்தது. வழக்கமாக நான் கூப்பிடுவதில்லை, அவராக வருவார். அன்று படியின் அடியில் போய் நின்றுகொண்டு, "அண்ணா, டீ ஆறுது, சீக்கிரம் வா" என்றேன்.

"வந்துட்டேன், வந்துட்டேன். ஆபீசரம்மா லீவு போட்டா வீட்டுல அதிகாரம் தூள் பறக்குது."

பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேகமாக வந்தார். தோளில் துண்டு இருந்தது. வலது கையை இடுப்பு உயரத்தில் நீட்டியிருந்தார். அந்தக் கை சக்கரத்தைத் தேடி வெறும் காற்றில் வந்தது. 'நில்லு' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வார்த்தை, வாயில் தயாராகவும் இருந்தது. நான் சொல்லவில்லை. படலைன்னா நடப்பேன் என்று சொல்லியிருந்தார், சொன்னபடி நடந்தார்.

விழுந்த பிறகும் நினைவு இருந்தது. தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"மெஷின் எங்க?"

"கொடுத்துட்டேண்ணா."

வலது கையால் தரையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்தீர்கள். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். அவர் உங்களிடம் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மெஷினை எடுக்கப் போறேன்னு முந்தின நாளே தங்கச்சி சொல்லிட்டா சார். நான்தான் மறந்துட்டேன். அவ அடுப்படியில இருந்தா, அவளுக்கு எதுவும் தெரியாது." அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

இப்போது வீடு காலி. என் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். ஹாலில் ஒரே ஒரு நாற்காலி. எல்லாம் போன பிறகு சந்தோஷம் தானாக வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்னும் வரவில்லை. அப்படியென்றால் எதையோ நான் இன்னும் கழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அறை அறையாகத் தேடினேன். மிச்சம் இருந்தது அவர் உங்களிடம் சொன்ன அந்தப் பொய் மட்டும்தான். அது என்னுடையது இல்லை, அவர் கொடுத்தது. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன். என் அண்ணனை நான்தான் கொன்றேன். இதோடு வீடு முழுக்கச் சுத்தமாகிவிடும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை. நேற்று நாற்காலியைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு இழுக்கலாம் என்று தூக்கினேன். "அண்ணா, நாற்காலியை ஜன்னலோரம் போடுறேன்" என்று என் குரல் கேட்டது. அவர் எழுந்து வர ஆகும் நேரம் வரைக்கும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அது வெறும் பழக்கம்தான், அதை எழுத வேண்டாம்.