ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

இன்று மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். இந்த அரங்கில் இருக்கைகள் முந்நூறு. அமர்ந்திருப்பவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். எண்ணிவிட்டேன். மேடையில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்கவிடாவிட்டால் ஒரு பொறியாளன் வேறென்ன செய்வான்?

எங்கள் கண்காணிப்புக் குழுவை ஐந்தாண்டுகளாகக் கட்டிக் காத்துவரும் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஐயா அவர்களே! வளாகத்தை வானளாவ வளர்த்துவரும் துணைவேந்தர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்த பெரியோர்களே! கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருக்கும் தாய்மார்களே! எழுந்து போனால் பேராசிரியர் பார்த்துவிடுவாரே என்று அமர்ந்திருக்கும் மாணவ நண்பர்களே! ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். யாரை வாழ்த்த? குழுவை. இந்தப் பல்கலைக்கழகம் ஒரு கட்டடம் எழுப்பினால், ‘இதனால் சுற்றியுள்ள மக்களுக்கு இடையூறு இல்லை’ என்று இந்தப் பகுதியைச் சேர்ந்த ஐவர் சான்று தர வேண்டும். அந்த ஐவரில் நான் கடைசி. வந்து இரண்டு மாதம். இன்றைய சான்று, எண்ணூறு மாணவர் தங்கப்போகும் புதிய விடுதிக்கு. நால்வர் கையெழுத்திட்டாயிற்று. ஐந்தாவது கோடு காலி. நான் பேசி முடித்ததும் கையெழுத்திட வேண்டும், நீங்கள் கைதட்ட வேண்டும். நிகழ்ச்சி நிரல் அப்படித்தான் சொல்கிறது.

கைகளைச் சற்று மடியிலேயே வைத்திருங்கள்.

என் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் தண்ணீர். எவ்வளவு தெளிவு! எவ்வளவு தண்மை! ஏன் இருக்காது? இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பின்சுவரை ஒட்டிய மேட்டுத் தெருவில், எட்டாம் வீட்டில் சலவைக் கடை வைத்திருப்பவர். இங்குள்ள மருத்துவ மாணவர்கள் அணியும் வெள்ளை அங்கிகளைப் பதினோரு ஆண்டுகளாக வெளுத்துத் தந்தவர். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். “டேய், நீ படிச்ச படிப்பு எதுக்காவது உதவும்னா உடனே கிளம்பி வா.”

போனேன். தொட்டி நிறைய அங்கிகள் ஊறிக் கிடந்தன. அலசத் தண்ணீர் இல்லை. அக்கா குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு மூச்சு. ஓர் இருமல். மறுபடியும் மூச்சு. ஒரு சொட்டு இல்லை. ஆனால் சுவரில் மீட்டர் மட்டும் சுறுசுறுவென்று சுற்றுகிறது.

“பாத்தியா? காத்தை அளந்து குடுக்கறாங்க எனக்கு,” என்றார் அக்கா.

“எப்பலேர்ந்துக்கா இப்படி?”

“நாலாவது விடுதி தெறந்ததுலேர்ந்து. தண்ணி வரலன்னாக்கூடப் பரவால்லடா. வர்றேன் வர்றேன்னு சத்தம் மட்டும் போடுது பாரு, உங்க கமிட்டி மாதிரி. அதான் தாங்க முடியல.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் குழாய் குமுறியது. செங்கல்லைக் கரைத்தாற்போல் துரு நிறத்தில் ஒரு வீச்சு. நேராக வெள்ளை அங்கிகளின் மேல். அக்கா குழாயை மூடினார். மேலே கிடந்த அங்கியை எடுத்து, கறை பட்ட இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு அதையும் உள்ளேயே போட்டுவிட்டார்.

யாரங்கே, ‘விஷயத்துக்கு வா’ என்பது? வருகிறேன் தம்பி. மேட்டுத் தெருத் தண்ணீரைவிட வேகமாகத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்தப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெருங்குழாய் ஒன்றே ஒன்று. அதில் முதலில் இருப்பது வளாகம். கடைசியில், மேட்டில் இருப்பது எங்கள் தெரு. காலையில் ஆய்வகம், உணவகம், விடுதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்விழிக்கின்றன. வளாகத்துப் பம்பு நேராகக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சுகிறது. பள்ளத்தில் பம்பு குடித்தால் மேட்டில் குழாய் காய்கிறது. இதற்கு முனைவர் பட்டமா வேண்டும்? நான் இதே வளாகத்தில்தான் படித்தேன். எனக்கு நீரழுத்தம் கற்பித்த கட்டடத்தின் பின்சுவருக்கு அப்பால்தான் இன்று நீரழுத்தம் இல்லை!

அப்படியானால் நம் குழு பார்க்கவில்லையா? பார்த்தது. தெருத் தெருவாகப் பார்த்தது. குழாய் குழாயாகத் திறந்து பார்த்தது. எப்போது? ஞாயிற்றுக்கிழமைகளில்! தேர்வு முடிந்த விடுமுறைகளில்! வகுப்பு இல்லாத நாளில் வகுப்பறையைப் பார்த்தோம். வண்டி இல்லாத நாளில் சாலையைப் பார்த்தோம். பம்பு உறங்கும் நாளில் குழாயைப் பார்த்தோம். தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இந்தப் பிள்ளை அழவே அழாது’ என்று எழுதிக் கொடுத்தோம்!

ஏன் வேலை நாளில் போகவில்லை என்று கேட்டேன். குழுவிலுள்ள மருந்துக்கடை அண்ணன், இதோ இங்கேதான் இருக்கிறார், “வேலை நாள்ல கடைய யாரு தம்பி பாப்பா? நீ பாக்குறியா?” என்றார். தலைவர் ஐயா, “பசங்க படிக்கிற நேரத்துல போய்த் தொந்தரவு பண்ணலாமாப்பா?” என்றார். இதில் வஞ்சகம் எங்கே? சூது எங்கே? நல்லவர்கள். ஒரு கோப்பைத் தேநீர்கூட வளாகத்தில் வாங்கிக் குடிக்காத நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் இந்நேரம் உரக்கக் கத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

கேளுங்கள், கதை முடியவில்லை. கறை படிந்த அங்கிகளைப் பார்த்த மருத்துவக் கல்லூரி அலுவலகம், ‘சுத்தம் இல்லை’ என்று அக்காவின் வேலையை நிறுத்தியது. அக்கா போய்ச் சொல்லியிருக்கிறார், “தண்ணியே வரலீங்க, வந்தா துருவாத்தான் வருது.” அங்கிருந்த எழுத்தர் பணிவாகத்தான் பதில் சொன்னாராம்: “என்னக்கா இப்படிச் சொல்றீங்க? உங்க தெருவுல தண்ணி நல்லா வருதுன்னு கண்காணிப்புக் குழுவே எழுதிக் குடுத்திருக்காங்களே. உங்க தம்பிகூட அதுல இருக்காராமே?”

அம்மா, முன்வரிசையில் தலையில் கை வைத்துவிட்டீர்கள். நானும் அன்று அப்படித்தான் வைத்தேன்.

தண்ணீரை எடுத்தது வளாகம். அழுக்கு என்றது வளாகம். தண்ணீர் உண்டு என்று சாட்சி சொன்னது நாம்! யாருக்குக் காவலாக நம்மை வைத்தார்களோ, அவர் வீட்டுக் கதவை நாமே வெளியிலிருந்து தாழிட்டோம். வளாகம் வளரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? நூலகம் உயரட்டும், ஆய்வகம் பெருகட்டும், எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்து படிக்கட்டும். ஆனால் பக்கத்து வீட்டுக் குழாயை வறளவைத்துத்தான் அறிவு வளரும் என்றால், அந்த அறிவுக்கு என்ன பெயர்?

இத்தனைக்கும் தீர்வு சிறியது. ஊர் உறங்கும்போது, இரவு பன்னிரண்டு முதல் நான்குக்குள், நிலத்தடித் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். பகலில் அந்தத் தொட்டியிலிருந்து மட்டும் பம்பை ஓட்டுங்கள். தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஓர் அடைப்பு வால்வு, ஒரு நேரக் கருவி. ஒரு நாள் வேலை! ஒரே ஒரு நாள், அதுவும் வேலை நாள்!

இதை நேற்று அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் இஸ்திரி மேசையின் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். “நல்லதுடா. அடுத்து இந்த வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆகும்,” என்றார். பக்கத்தில் ஏழாம் வீடு ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிறது.

மணியை அடிக்காதீர்கள் ஐயா, முடித்துவிட்டேன். பேச இடம் தந்த அவைக்கும், இடையில் எழுந்து போகாத நூற்று நாற்பத்தொருவருக்கும் நன்றி. உங்கள் வீட்டுக் குழாய்களில் எல்லா நாளும் தண்ணீர் வரட்டும். வணக்கம். இனி நான் செய்யப்போவது இவை:

1. இந்தச் சான்றில் கையெழுத்திட மாட்டேன். துணைவேந்தர் தந்த பேனா இதோ, மூடி திறக்காமலே மேசையில் இருக்கிறது.

2. செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அழுத்தமானியோடு மேட்டுத் தெருவில் நிற்பேன். குழு வந்தால் நாற்காலி போடுவேன். வராவிட்டால் தனியாக அளந்து, வந்த அளவை நூலக வாசலில் ஒட்டுவேன்.

3. வால்வுக்கும் நேரக் கருவிக்குமான வரைபடத்தைப் புதன்கிழமை துணைவேந்தர் மேசையில் வைப்பேன். அதற்குப் பொன்னாடை வேண்டாம்.

4. வெள்ளிக்கிழமை காலை அக்கா வீடு காலி செய்கிறார். சலவை இயந்திரத்தின் ஒரு பக்கத்தை நான் தூக்குவேன். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. இங்கிருந்து யாரும் வரலாம். ஆனால் அது வேலை நாள்.