சித்திரை வெயிலில் உறைந்த கார்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு நடுவயதுத் தம்பதி. காவிரிப் பாலத்தில் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சித்திரை வெயில்ல ஊரே வறுபடறது. நம்ம கார்ல மட்டும் ஐஸ் உறையறது.”

“மெதுவாப் பேசேன். ஏ.ஸி. ஐஸ் கட்டிண்டு காத்து வரமாட்டேங்கறது. அவ்வளவுதான்.”

“மெட்ராஸ் மெக்கானிக் வந்து காஸ் ரொப்பினாரே?”

“ரொப்பியும் கட்டிண்டுடுத்து. நேத்திக்குப் பிரிச்சுப் பார்த்தார். காத்தை உள்ளே இழுக்கற சல்லடை பூரா துளசி.”

“துளசியா?”

“பெருமாள் மாலையை மனுஷா உக்கார்ற சீட்ல வைக்கப்படாதேன்னு பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கற பலகைமேல வெச்சேன். சல்லடை அங்கே இருக்குன்னு யார் கண்டா?”

“ஒரு நாளா? சனிக்கிழமை தவறாம வெச்சேளே! மெஷின்தான் எவ்வளவு பிரசாதம் சாப்பிடும்?”

அவர் அங்கவஸ்திரத்தால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“கேலி இருக்கட்டும். வண்டி ஒர்க்‌ஷாப்ல பிரிச்சபடி கிடக்கு. மாப்பிள்ளை ரயில்லேர்ந்து இறங்கினதும் காரைத்தான் தேடுவர். நம்ம கார் ஊட்டி மாதிரி, ஸ்வெட்டர் எடுத்துண்டு வாங்கோன்னு நானே வாய் கிழியச் சொல்லியிருக்கேன். இப்போ எந்த முகத்தோட பஸ்ல ஏறுங்கோன்னு சொல்றது?”

“உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. கார் பூரா ஐஸ், குளிருக்குப் பயந்து பஸ்ல வந்துட்டோம்னு.”