பரண் மேல கெடக்கற தண்ணி மெஷினு

எல்லாரும் சௌக்கியமா? மழ வருது போவுது, சளி காய்ச்சல் இல்லாம இருக்கீங்களா? எனக்கு முட்டி வலி அப்டியே தான் இருக்குது, அத வுடுங்க. எதிர் வூட்டு பரிமளாவ பாக்க அவ தங்கச்சி எழிலரசி நேத்து போளூர் ரோட்டு முள்ளிப்பட்டுல இருந்து வந்திருந்தா. பரிமளா வூட்டுக்காரரு ஹேமநாத், பட்டு மொதலாளி. எழிலு வூட்ல ஒரே ஒரு தறி. நான் பரிமளா வூட்டு கூடத்துல பூ கட்டிகினு இருந்தது ரெண்டு பேருக்கும் மறந்தே போச்சு. காதுல வுழுந்தத அப்டியே போடறேன்.

எழிலரசி: அந்த தண்ணி சுத்தம் பண்ற மெஷினு சும்மா தானக்கா கெடக்குது பரண் மேல?

பரிமளா: சும்மா கெடந்தா தூக்கி குடுத்துடணுமா? அத ஏன் கழட்டினேன்னு தெரியுமா உனக்கு?

எழிலரசி: தெரியாம இன்னா. போன் போடும்போதெல்லாம் சொல்றியே.

பரிமளா: ஒரு கொடம் நல்ல தண்ணி குடுக்கறதுக்கு மூணு கொடம் சாக்கடைக்கு தள்ளுதுடி. கண்ணால பாத்துகினு எப்டி இருக்கறது? அதான் மண்பானை வாங்கிட்டேன்.

எழிலரசி: அந்த மூணு கொடத்துல நான் பாத்திரம் கழுவிக்கறேன், வாசல் தெளிச்சிக்கறேன். ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்.

பரிமளா: கரண்டு? வடிகட்டி வேற மாத்திகினே இருக்கணும். பழசெல்லாம் குப்பைக்கு தான் போவும். அத்தினியும் பிளாஸ்டிக்கு.

எழிலரசி: இப்போ கேன் தண்ணி வாங்கறேன். அது மட்டும் பித்தளையா?

பரிமளா: கேனா? வெயில்ல வண்டியில கெடந்து வர்ற தண்ணிய... கொயந்தைக்கா குடுக்கற?

எழிலரசி: வேற எத குடுக்க?

பரிமளா: கொதிக்க வெச்சி குடு.

எழிலரசி: கேஸு? சொல்லுக்கா. தண்ணிய வீணாக்கினா தப்பு, கேஸ எரிச்சா தப்பு இல்லியா?

பரிமளா: எடக்கு பேசாத. வெறகு அடுப்பு வெய்யி.

எழிலரசி: தறி பக்கத்துலயேவா? பொகை பட்டா தறியில இருக்கற பாவு நூலு கருத்துடும். அப்பறம் ஹேமநாத் மாமா கூலிய புடிப்பாரு. உன் வூடு மாரி மாடியும் கூடமுமா இருக்குது எனக்கு?

பரிமளா: எத சொன்னாலும் ஒண்ணு வெச்சிருக்கா... தேத்தாங்கொட்டை போட்டு தேச்சி வுடு. நம்ம அம்மா அப்டி தான செய்யும்? கலங்கல் எல்லாம் அடியில போயிடும்.

எழிலரசி: தேச்சேன். கெணத்து தண்ணியில கலங்கல் போச்சு.

பரிமளா: பின்ன இன்னா?

எழிலரசி: கலரு போவல.

பரிமளா: ...இன்னா கலரு?

எழிலரசி: டீ ஆறிப் போவுதுக்கா. குடி.

பரிமளா: இன்னா கலருன்னு கேக்கறேன்ல?

எழிலரசி: மாசத்துக்கு ஒண்ணு. ஆடிக்கு முன்ன மாம்பழ மஞ்சள். அப்பறம் பச்சை. இப்போ கல்யாண சீசன் பாரு, அரக்கு. புள்ளயோட பள்ளிக்கூடத்து வெள்ள சட்டை ரோஸா ஆயிடுச்சு.

பரிமளா: பாசியா இருக்கும்டி.

எழிலரசி: அரக்கு பாசியா? அத வுடு. உன் கொல்லையில கனகாம்பரம் நல்லா பூத்திருக்குதுக்கா. போன வருசம் பூரா கருகி கெடந்துச்சே.

பரிமளா: அப்போ சாயத் தண்ணிய கொல்லையில தான வுட்டுகினு இருந்தாரு உங்க மாமா. செடி சாவுது, மண்ணு சாவுது. இந்த வூட்ல சாயம் இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு சண்ட போட்டேன். இப்போ பாரு, ஒரு சொட்டு கெடையாது. பாத்திரம் தேய்க்க பீர்க்கங்கா நாரு, துணிக்கு பூந்திக்கொட்டை. அந்த தண்ணியும் செடிக்கு தான்.

எழிலரசி: தெருவே மெச்சுது. அந்த சாயப் பட்டறைய எங்க கொண்டும்போய் போட்டாரு மாமா?

பரிமளா: எங்கியோ... ஊருக்கு வெளிய. எனக்கு எங்க தெரியும்.

எழிலரசி: அப்டியா.

பரிமளா: போளூர் ரோடுன்னாரு.

எழிலரசி: போளூர் ரோடு.

பரிமளா: ஏண்டி, சொன்னதயே சொல்லிகினு?

எழிலரசி: ஒண்ணும் இல்ல. புதுப் பொடவையா?

பரிமளா: நோம்புக்கு மாமா குடுத்தாரு.

எழிலரசி: நல்ல அரக்கு. எங்க கெணத்துல அச்சா இதே கலரு தான். மெஷின எறக்கி குடுக்கா. பஸ்ஸு போயிடும்.

பரிமளா: எப்போல இருந்து தெரியும் உனக்கு?

எழிலரசி: இன்னாது?

பரிமளா: நடிக்காத. பட்டறை உன் வூட்டு பின்னாடி தான் இருக்குதுன்னு.

எழிலரசி: பட்டறைக்கு கொட்டா போட்ட அன்னிக்கே. உனக்கு?

பரிமளா: நான் தான்டி அந்த எடத்த சொன்னேன். வேற எங்க போட்டாலும் ஊரு சண்டைக்கு வரும். தங்கச்சி வூட்டாண்டன்னா... யாரும் வாய தொறக்க மாட்டாங்கன்னு.

எழிலரசி: சரியா தான் சொல்லியிருக்க.

பரிமளா: தெரிஞ்சிகினே ஏன்டி மெஷினு மெஷினுன்னு சுத்தி வளைக்கற? மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்க வேண்டியது தான?

எழிலரசி: கேட்டா? எங்க தறிக்கு பாவு குடுக்கறது மாமா தானக்கா. தண்ணி வேணுமா தறி வேணுமான்னு நானும் எங்க வூட்டுக்காரரும் ஒக்காந்து பேசினோம். தறின்னு முடிவாச்சு. அதான் மெஷின மட்டும் கேக்கறேன்.

அவ்ளோ தாங்க. பரிமளா ஸ்டூல போட்டு ஏறி எறக்கி குடுத்தா. எழிலு அத இடுப்புல வெச்சிகினு பஸ்ஸுக்கு போனா. உங்க வூட்ட சுத்தமா வெக்கறேன்னு நீங்க தள்ளி வுட்டது யாரு வூட்டு பின்னாடி போய் நிக்குது? தெரிஞ்சா மறைக்காம எனக்கு எழுதுங்க.