யார் கேட்டாலும் சரி என்ற சர்வர்

பெயரும் விலாசமும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது இருபத்தாறு. மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசி மென்பொருள் செய்துதரும் நிறுவனத்தில் புரோகிராமராக இருக்கிறேன். நோயாளிகளை அழைத்து மோசடியாக அடையாள எண்களைக் கேட்டதாகச் சந்தேகிக்கப்பட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கும் செவிலியர் என் அண்ணி.

அங்கே செவிலியர்கள் கணினியின் பிரவுசரிலிருந்தே நோயாளிகளை அழைப்பார்கள். அதற்குப் பிரவுசர் எங்கள் சர்வரிடம் அனுமதி வாங்க வேண்டும். எந்த இணைய முகவரியிலுள்ள பக்கம் கேட்டால் கொடுக்கலாம் என்று சர்வரில் எழுதிவைப்போம். மருத்துவமனையின் முகவரியை மட்டும் நான் எழுதியிருந்தேன். சென்ற மாதம் அவர்கள் தளத்தைப் புதிய முகவரிக்கு மாற்றியதும் அழைப்புகள் நின்றன. நான் விடுப்பிலிருந்தேன். எங்கள் டீம் லீடர், எந்த முகவரி கேட்டாலும் அதற்கு அனுமதி உண்டு என்று சர்வர் பதில் தரும்படி மாற்றிவிட்டார். அழைப்புகள் உடனே வேலை செய்ததால் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை.

அதன் பிறகு, பணிநேர அட்டவணை என்று வந்த மின்னஞ்சலை நம்பி அண்ணி ஒரு போலிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அவர் லாகின் செய்திருந்த அதே பிரவுசர் என்பதால் அந்தப் பக்கம் அவர் பெயரிலேயே அனுமதி வாங்கிவிட்டது. அதை வைத்து யாரோ மருத்துவமனை எண்ணிலிருந்து பேசியிருக்கிறார்கள்.

இதை நான் சொன்னபோது டீம் லீடர், "அண்ணிக்கு வக்காலத்தா? கம்ப்யூட்டர் தானா போய்ப் பேசுமா?" என்றார். நான் வாதாடவில்லை, செய்து காட்டுகிறேன் என்றேன்.

இன்று முற்பகல் மருத்துவமனையில், இதை விசாரிக்கும் காவல் ஆய்வாளர், மருத்துவமனை மேலாளர், டீம் லீடர் ஆகியோர் முன்னிலையில் அண்ணியை அவர் கணினியில் லாகின் செய்யச் சொல்லி, பிறகு எழுந்து சன்னலோரம் நிற்கச் சொன்னேன். அதன் பிறகு, வேறொரு முகவரியில் நான் செய்துவைத்திருந்த, ஒரு பொத்தான் மட்டுமே உள்ள பக்கத்தை அதே கணினியில் திறந்து அழுத்தினேன். ஆய்வாளரின் கைபேசி அடித்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி நம்பர்தான் வருது. அந்தம்மா அங்க நிக்கிறாங்களே" என்றார். அழைத்தவர் என்று அண்ணியின் பெயரே பதிவாகியிருந்தது.

அதன் பிறகு மருத்துவமனையின் புதிய முகவரியை மட்டும் சர்வரில் எழுதி, அதே பொத்தானை அழுத்தினேன். பிரவுசர் மறுத்தது. டீம் லீடரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பலமுறை அழுத்தினார்.

அப்போது மருத்துவமனையின் சொந்தப் பக்கத்தில் ஒரு நோயாளியின் அழைப்பு வந்தது. மேலாளர், "எடுங்க சிஸ்டர், உங்க சீட்தானே" என்றார். அண்ணி அசையவில்லை.

"அந்த போனெல்லாம் நான் பண்ணலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார். அப்புறம் எடுக்கறேன்."

மேலாளர் சொன்னார். அண்ணி உட்கார்ந்து அழைப்பை எடுத்தார்.

இதில் உள்ளவை நான் செய்ததும் நேரில் கண்டதும் சோதித்து அறிந்ததும் மட்டுமே. படித்துக் காட்டக் கேட்டேன், உண்மையே, மாற்ற எதுவுமில்லை.

(கையொப்பம்)